அமுதவல்லி டாக்கீஸை இடிச்சவன்

நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு தம்பி. தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைப் பொத்திக்க முடியுமா. அமுதவல்லி டாக்கீஸ் ஸ்டாப்ல நின்னு ஷேர் ஆட்டோ புடிச்சு ஆரப்பாளையம் வந்தேன்னு சொன்னீங்கல்ல. டாக்கீஸ் போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஸ்டாப்புக்குப் பேரு மட்டும் இன்னும் நிக்குது. அந்த டாக்கீஸை இடிச்சது நான்தான்.

நெசமாத்தான் சொல்றேன். இடிக்கிற தவசின்னு கேளுங்க, மதுரையில பழைய கட்டடத்துல கை வைக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருசம் இதே தொழில். வீடு கட்டுறதுக்கு ஊருக்கு நூறு மேஸ்திரி இருக்கான். ஒழுங்கா இடிக்கத் தெரிஞ்சவன் எத்தனை பேரு? சம்மட்டியைத் தூக்கிப் போட்டா விழுந்துரும்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல தம்பி. எது எதைத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு மொதல்ல பாக்கணும். ஒரு நாள் முழுக்கச் சும்மா சுத்திச் சுத்தி வந்து பாக்கணும். அது தெரியாம கை வச்சா ஆளை அமுக்கிரும். என் வேலையில ஒரு கூலியாளுக்கு ஒரு எலும்பு முறிஞ்சதில்ல. அதுல எனக்கு ஒரு பெருமைதான்.

இப்ப உசிலம்பட்டிக்குப் போறேன். என் வீட்டுக்காரி அங்க அவ தம்பி வீட்டுல இருக்கா. பவுனம்மா. பவுனுன்னு கூப்பிடுவேன். ரெண்டு வருசமா அங்கதான் இருக்கா. அறுபது வயசுல புருசனை விட்டுட்டுத் தம்பி வீட்டுக்குப் போன பொம்பளையைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? எதுக்குப் போனாங்கறீங்க? சீட்டுக்கு. சினிமாக் கொட்டகையில உக்காருவாங்கல்ல, அந்தச் சீட்டு. அதுக்குத்தான் போனா. நான் குடிக்கிறவன் இல்ல, வேற பொம்பளை பின்னால போனவன் இல்ல. ஒரு வேளைச் சோத்துக்கு அவளை நான் தவிக்க விட்டதில்ல.

சொல்றேன், கேளுங்க. செக்கானூரணி வரைக்கும் இந்த வண்டி இப்படித்தான் ஊர்ந்து போகும்.

எங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு. இளவரசி. பேரு அவ அம்மா வச்சது. பொறக்கும்போதே நெஞ்சுல ஓட்டை. பத்தடி நடந்தா உதடு நீலமாயிரும், அப்படியே குத்த வச்சு உக்காந்துக்கும். ஆபரேசன் பண்ணலாம், அதுக்கு உடம்புல கொஞ்சம் எடை ஏறணும்னு டாக்டருக சொன்னாங்க. ஏறவே இல்ல. பதினோரு வயசு வரைக்கும் இருந்துச்சு. பதினோரு வயசுல இருந்த பிள்ளையைப் பாத்தா ஆறு வயசுன்னுதான் சொல்லுவீங்க.

பள்ளிக்கூடத்துல பயந்துக்கிட்டு வச்சுக்கல. தெருப் பிள்ளைகளோட வெளையாட முடியாது. வெயில் ஆகாது. நான் என்ன பண்றது, எனக்கு ஊர் ஊரா வேலை. வீட்டுக்கு வந்தாலும் மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசி, நான் கிட்டப் போனாலே பிள்ளைக்கு இருமல் வந்துரும். அதனால எட்டியே நிப்பேன். வாசப்படியில நின்னு, என்னடா ராசான்னு கேப்பேன். அதுவும் அங்க இருந்தே சிரிக்கும்.

பவுனு என்ன பண்ணினான்னா, வாரம் ஒரு தடவை பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு அமுதவல்லிக்குப் போயிருவா. வியாழக்கிழமை மேட்னி, ரெண்டரைக்கு ஆரம்பிச்சு அஞ்சரைக்கு விடுற ஆட்டம். அன்னைக்குத்தான் கூட்டம் இருக்காது. அந்தக் காலத்துல மதுரையில ஏசி போட்ட டாக்கீஸ் ரெண்டு மூணுதான், அதுல அமுதவல்லி ஒண்ணு. எனக்கு இது புடிக்கவே இல்ல. சீக்குப் பிள்ளைக்கு எதுக்குடி சினிமான்னு கேட்டேன். அங்க மூச்சு வாங்காம இருக்குதுங்கன்னா. ஒரே படத்தை நாலு வாரம் பாப்பாங்க. பாத்த படத்தையே பாக்குற அளவுக்குப் பைத்தியமான்னு சிரிச்சிருக்கேன். அவளுக்கு சினிமாக் கிறுக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன். பிள்ளை பேரைச் சொல்லி இவ பாக்குறான்னு.

ஒரு ஆவணி மாசம் பிள்ளை போயிருச்சு. காலையில கஞ்சி குடிச்சுட்டு அவ மடியில சாஞ்சது, அப்படியே போயிருச்சு. நான் காரைக்குடியில ஒரு பழைய வீட்டை இடிச்சு இறக்கிக்கிட்டு இருந்தேன். தகவல் வந்து நான் வந்து சேர மூணு மணி ஆயிருச்சு. அதையெல்லாம் விடுங்க.

விடுங்கங்கறேன், ஆனா ஒண்ணு சொல்லணும். முப்பது முடிஞ்சு அடுத்த வியாழக்கிழமை, நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றேன், இவ சேலை மாத்திக்கிட்டுக் கெளம்புறா. எங்கன்னேன். அமுதவல்லிக்குன்னா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். பிள்ளையைப் பொதைச்ச ஈரம் காயல, உனக்குப் படம் கேக்குதான்னு. தெருவுல நாலு பேரு நின்னாங்க. அவ வெளியில வச்ச காலை உள்ள எடுத்தா. சேலையை மாத்துனா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்ல. பதினேழு வருசம். டிவியில படம் ஓடுனாக்கூட எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. நான் சொன்னதுக்குக் கட்டுப்பட்டான்னுதான் நெனைச்சேன். நல்ல பொம்பளைன்னு வெளியில சொல்லியிருக்கேன்.

டாக்கீஸைப் பின்னாடி மூடிட்டாங்க. கொஞ்ச வருசம் பூட்டியே கெடந்துச்சு. அப்புறம் கைமாறி, எடத்தைச் சுத்தம் பண்ணிக் குடுக்கணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. என் ஆயுசுல அம்புட்டுப் பெரிய வேலை பாத்ததில்ல தம்பி. உள்ள போயி நின்னேன். தலைக்கு மேல கூரை அம்பது அடி. பால்கனியைத் தாங்குறதுக்கு ஒரே ஒரு தூண் கூட நடுவுல இல்ல, ரெண்டு பக்கச் சுவத்துல இருந்து இரும்பு கர்டர் போட்டு நிப்பாட்டியிருந்தான். கட்டினவன் கெட்டிக்காரன். சுவரு ரெண்டரை அடி கனம், சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டு அரைச்ச காரை. கடப்பாறை பட்டா கணீர்னு சத்தம் வரும். மூணு நாளு சும்மா சுத்தி வந்தேன். ஒவ்வொரு செங்கலும் எங்க இருந்து எங்க போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

வீட்டுல வந்து சந்தோசமாச் சொன்னேன், பவுனு, அமுதவல்லியை நான்தான் இறக்கப் போறேன்னு. அவ முறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. கை நின்னு போச்சு. முறத்தைக் கீழ வச்சுட்டுக் கேட்டா:

"ஒரே ஒரு தடவை உள்ள போயி உக்காந்துட்டு வந்துர்றேன். அப்புறம் இடிச்சுக்கங்க."

இம்புட்டுத்தானே, வான்னேன். எப்ப வர்றன்னேன். வியாழக்கிழமைன்னா. சரின்னேன். சும்மா சொல்லல, நல்ல மனசோடதான் சொன்னேன்.

திங்கக்கிழமை சூடம் ஏத்தி, எலுமிச்சம்பழம் வெட்டி வேலையை ஆரம்பிச்சோம். மொதல்ல கதவு சன்னல், அப்புறம் சாமான் செட்டு. செவ்வாக்கிழமை விருதுநகர் பக்கமிருந்து ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்குன்னு வந்தாரு. சீட்டு அத்தனையும் வேணும், லாரி வெளியில நிக்குது, இன்னைக்கே ஏத்தணும்னாரு. எண்ணூத்துச் சொச்சம் சீட்டு. இப்படி ஒரு ஆளு கெடைக்க மாட்டான். போல்ட்டைக் கழட்டி சாயங்காலத்துக்குள்ள ஏத்தி விட்டுட்டோம்.

நான் மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா சீட்டுதானே போகுது, கட்டடம் அங்கதானே நிக்குதுன்னு நெனைச்சேன். அவ பாக்கணும்னது கட்டடத்தைத்தானே. நீங்க சொல்லுங்க, நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நெனைச்சிருப்பீங்க?

வியாழக்கிழமை காலையில வருவான்னு பாத்தேன், வரல. ரெண்டேகாலுக்கு வர்றா. தலை குளிச்சிருக்கா. அரக்குக் கலர்ல ஒரு பட்டுச் சேலை, அது எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. ஆளுக எல்லாம் வேலையை விட்டுட்டுப் பாக்குறானுக. என் மேஸ்திரி சவரிமுத்து, வாங்கக்கான்னு சொல்லிட்டு வழியில கெடந்த ஜல்லியை ஒதுக்கி விட்டான்.

அவ யாரையும் பாக்கல. வராண்டாவுல நுழைஞ்சா, எடப்பக்கம் திரும்புனா, மூணு படி எறங்குனா. அங்க படி இருக்குன்னு மூணு நாளு சுத்தி வந்த எனக்கே ரெண்டு தடவை கால் தட்டியிருக்கு. இவ கீழ குனிஞ்சு பாக்காம எறங்குறா. உள்ள போனதும் நின்னுட்டா. கூரைத் தகடு பாதி கழட்டியாச்சு, வெயில் நேரா உள்ள அடிக்குது. சரிவாத் தரை, வெறுந்தரை, அதுல வரிசை வரிசையாப் போல்ட்டு ஓட்டை. சத்தம் போடுவான்னு நெனைச்சேன். பின்னால இருந்து ஒவ்வொரு வரிசையா ஓட்டையை எண்ணிக்கிட்டே கீழ எறங்குனா. பதினாலாவது வரிசையில நின்னா. ஓரத்துல இருந்து எண்ணிக்கிட்டே நடந்தா. ஒரு எடத்துல நின்னு, முந்தானையால தூசியைத் தட்டிட்டுக் கீழ உக்காந்துட்டா.

திரையெல்லாம் எப்பவோ கழட்டியாச்சு. எதிர்த்தாப்புல வெறும் செங்கச் சுவரு. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா.

சரி, கொஞ்ச நேரம் உக்காரட்டும்னு விட்டேன். அரை மணி ஆச்சு. கிட்டப் போயி, எந்திரிடி, ஆளுக சும்மா நிக்கிறாங்கன்னேன். திரும்பிப் பாக்கல. ஒரு மணி ஆச்சு. பவுனு, பாத்தது போதும், வீட்டுக்குப் போன்னேன். அவ காதுல ஏறவே இல்ல. பதினெட்டு ஆளு கைகட்டி நிக்கிறான். எல்லாரும் என்னையப் பாக்குறான். தவசி ஒரு அதட்டுப் போட்டா மூணு மாடி இறங்கும், பொண்டாட்டி எந்திரிக்க மாட்டேங்கறாளேன்னு உள்ளுக்குள்ள சிரிக்கிறானுகன்னு எனக்குத் தோணிருச்சு.

சவரிமுத்துகிட்ட பால்கனிச் சுவத்துல கை வைடான்னேன். அவன் சம்மட்டியைக் கீழ வச்சான். அக்கா உக்காந்திருக்காங்க, எந்திரிக்கிற வரைக்கும் நான் அடிக்க மாட்டேன்னுட்டான். பன்னெண்டு வருசம் என் பேச்சைத் தட்டாத பய. அவன் வெளியில போயி நின்னதும் மத்தவனும் ஒவ்வொருத்தனா வெளியில போயிட்டான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு தம்பி. நானே ஏறுனேன். பால்கனி கைப்பிடிச் சுவத்துல சும்மா ரெண்டு அடி போட்டேன். அவ மேல விழாதுன்னு எனக்குத் தெரியும். எந்தச் செங்கல் எங்க விழும்னு தெரியாமலா அடிப்பேன். செங்கல் விழல. காரை மட்டும் உதிர்ந்துச்சு. வெள்ளையாத் தூசி அப்படியே எறங்கி ஹாலை மூடிருச்சு. ஒண்ணுமே தெரியல. இருமுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. தூசி அடங்குறப்ப பாத்தா, தலைமுடி, முகம், சேலை எல்லாம் சுண்ணாம்பு. அவ எந்திரிச்சு நின்னு மேல என்னையப் பாத்தா. அவ்வளவுதான். வந்த வழியே போயிட்டா.

மறுநாள் காலையில நான் எந்திரிக்கும்போது இட்லி அவிச்சு மூடி வச்சிருக்கு. ஆளைக் காணோம். மத்தியானம் மச்சினன் போன் பண்ணினான். அக்கா இங்க இருக்காங்க மச்சான், கொஞ்ச நாளு இருக்கட்டும்னான்.

நான் விட்ருவனா. வேலையைப் போட்டுட்டு விருதுநகர் போனேன். அந்த மண்டபத்துக்காரரைக் கெஞ்சி ரெண்டு சீட்டை வாங்குனேன். ஒட்டிக் கெடக்குற சோடி சீட்டு, அதே செவப்பு ரெக்சினு. வேன்ல ஏத்தி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோயி அவ முன்னால எறக்குனேன். இந்தாடி, உக்காருன்னேன். அவ எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. மச்சினன்தான், வேண்டாம் மச்சான், எடுத்துட்டுப் போயிருங்கன்னு மெதுவாச் சொன்னான். எண்ணூறு சீட்டும் ஒரே மாதிரி சீட்டுதானே. நான் வேற என்னதான் பண்ணணும்?

அந்த வேலையை நாப்பத்தொரு நாள்ல முடிச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் வேலை எடுக்கல. எடுக்க முடியலன்னு வச்சுக்கங்க. சவரிமுத்து தனியாப் போயிட்டான். வீட்டுல நான் ஒருத்தன். வாரம் ஒரு நாள் இந்த பஸ்ல ஏறி வருவேன். அவ சோறு போடுவா, மோரு ஊத்துவா. பேச மாட்டா. நான் பேசுவேன். கரண்டு பில்லு, பக்கத்து வீட்டுக்காரன் சண்டை, எல்லாத்தையும் சொல்லிட்டு, வாடி போகலாம்பேன். அவ தட்டைக் கழுவப் போயிருவா. நானும் அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிருவேன். எட்டு மாசம் இப்படியே போச்சு.

ஒரு நாளு பொறுக்க முடியாமக் கேட்டுட்டேன். மச்சினன், அவன் பொண்டாட்டி, எல்லாரும் இருந்தாங்க. நீங்களே கேளுங்க, சீட்டுக்குப் பதில் சீட்டு கொண்டாந்தேன், இன்னும் என்ன கோவம்னு சத்தமாவே கேட்டேன். அவ தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டியைக் கீழ வச்சுட்டுப் பேசினா. எட்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் என்கிட்ட வாயைத் தெறந்தா.

"நீங்க ரெண்டு சீட்டு கொண்டாந்தீங்க. நாங்க மூணு சீட்டுல உக்காந்தோம்" அப்படின்னா.

எனக்குப் புரியல. மூணாவது யாருன்னேன்.

பிள்ளை மூணு டிக்கெட்டுதான் எடுக்கச் சொல்லுமாம். ஹாலே காலியாக் கெடக்கு, எதுக்கும்மா மூணுன்னு கவுன்டர்ல கேப்பாங்களாம். அப்பா வருவாருன்னு சொல்லுமாம். பவுனு இங்கிட்டு, பிள்ளை நடுவுல, அதுக்கு அங்கிட்டு இருக்குற சீட்டுல தன்னோட துண்டைப் போட்டு வச்சிருக்குமாம், யாரும் உக்காந்துறக் கூடாதுன்னு. கதவு தெறந்து வெளிச்சம் வந்தா, படத்தை விட்டுட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்குமாம். இடைவேளை முடிஞ்சதும், அப்பாவுக்கு வேலை முடியலம்மா, அடுத்த வாரம் வருவாருன்னு அதுவே சொல்லிக்குமாம். அஞ்சு வருசம் தம்பி. வாரா வாரம்.

நான் சொல்லியிருந்தேனாம். வேலை முடிஞ்சா வர்றேன் ராசான்னு. பிள்ளைககிட்ட அப்படி ஏதாவது சொல்றதுதானே. எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்ல.

அவ முப்பது முடிஞ்சு கெளம்புனாளே, அன்னைக்கு மூணு டிக்கெட்டு எடுக்கத்தான் கெளம்பியிருக்கா. அதைச் சொல்லும்போதுகூட அவ கண்ணுல தண்ணி வரல. சொல்லிட்டுக் கரண்டியை எடுத்து எனக்குக் கொழம்பு ஊத்துனா. நான் சாப்பிட்டேன். என்னத்தைச் சொல்ல, சாப்பிட்டேன்.

அதெல்லாம் ஏன்டி அப்பவே சொல்லலைன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. நான் எப்ப எட்டி நிக்காம கேட்டிருக்கேன், அவ சொல்றதுக்கு.

மறுநாள் மதுரையில நேரா அந்த எடத்துக்குத்தான் போனேன். ஜவுளிக் கடை வரப் போகுதாம், கீழ கார் நிப்பாட்ட முப்பது அடிக்குப் பள்ளம் தோண்டி வச்சிருந்தாங்க. தகரத் தடுப்பு ஓரமா நின்னு பாத்தேன். பால்கனி இருந்தது எங்க, படி இருந்தது எங்கன்னு எனக்குத் துல்லியமாத் தெரியும். பதினாலாவது வரிசையையும் கண்ணால அளந்துட்டேன். ஓரத்துல இருந்து எண்ணி, அவ உக்காந்த எடம், பிள்ளை உக்காந்த எடம், அதுக்கு அங்கிட்டு என் எடம். அங்க போயி ஒரு நிமிசம் உக்காந்துட்டு வந்துரலாம்னுதான் தம்பி போனேன். உக்கார்றதுக்குத் தரை இல்ல. வெறும் காத்து. கீழ பள்ளத்துல ரெண்டு பேரு கம்பி கட்டிக்கிட்டு இருந்தாங்க. யோவ் பெரிசு, தள்ளி நில்லுன்னு கத்துனாங்க.

அதுல இருந்து வாடி போகலாம்னு நான் கேக்குறதில்ல. வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவேன், சாப்பிடுவேன், அடுத்த பஸ்ஸைப் புடிக்க ஓட மாட்டேன். அங்கேயே ஒரு ஓரமா இருப்பேன்.

போன வாரம் அவ வீட்டுக்குப் பின்னால சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. மணி ரெண்டரை இருக்கும். கீரைத் தட்டை பெஞ்சு மேல பக்கத்துலயே வச்சிருந்தா. நான் போயி தட்டுக்கு அங்கிட்டு உக்காந்தேன். எந்திரிச்சுப் போயிருவாளோன்னு பயந்துக்கிட்டேதான் உக்காந்தேன். அவ கொஞ்ச நேரம் கீரையை உருவுனா. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த தட்டை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. நடுவுல ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு எடம் காலியாக் கெடந்துச்சு. அவ நகர்ந்து வரல. நானும் நகரல. எதுத்தாப்புல பக்கத்து வீட்டுச் சுவரு. அதைப் பாத்துக்கிட்டே அஞ்சரை வரைக்கும் உக்காந்திருந்தோம்.